இன்ஜின் மேலே எழவில்லையா? பம்பை மாற்றும் முன் ஒரு பாடம்



சென்ற மாதம் ஒருநாள் அஸர் நேரம். சுற்றுலாப் படகு ஓட்டும் நம் ஊர்த் தம்பி ஒருவர் கைப்பேசியில் அழைத்தார்.

"காக்கா, இன்ஜின் தண்ணிக்குள்ளேயே நிக்குது. பொத்தானை அமுக்குனா சத்தம் வருது, மேலே வர மாட்டேங்குது. பம்பு போயிருச்சு, முழு செட்டையும் மாத்தணும்னு சொல்றாங்க. உம்மாகிட்டே வளையலைக் கேக்கலாம்னு இருக்கேன்."

"வளையல் இருக்கட்டும் தம்பி. முந்தாநாள் பேட்டரி இறங்கிப்போச்சுன்னு சொன்னியே, அப்ப இன்ஜினை எப்படித் தூக்குனீங்க?"

"பக்கத்துல இருக்கிற திருகைத் தளர்த்திட்டு, நாலு பேரு சேர்ந்து கையாலே தூக்குனோம்."

"அந்தத் திருகைத் திரும்ப இறுக்குனீங்களா?"

மறுமுனையில் பேச்சில்லை. அரைமணி நேரம் கழித்து அவரே மீண்டும் அழைத்தார். ஒரு திருப்புளியால் திருகை இறுக்கியதும் இன்ஜின் மேலே வந்துவிட்டது. ஒரு ரூபாய் செலவில்லை.

எல்லாப் பழுதும் இப்படி எளிதாக முடிந்துவிடாது. ஆனாலும் பல குடும்பங்களில் நகையை அடகு வைத்து மாற்றிய பாகம் உண்மையில் கெட்டே போகாத பாகமாக இருப்பதை இத்தனை வருடப் பட்டறை வேலையில் பார்த்துவிட்டேன். பழுது எங்கே என்று தெரியாமல் பாகத்தை மாற்றுவதுதான் இந்தத் தொழிலில் பெரிய நஷ்டம். ஆகவே இந்த இதழில், படகு இன்ஜினைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் டில்ட் அமைப்பில் பழுதைக் கண்டுபிடிப்பது எப்படி என்று முறையாகப் பார்ப்போம். கடலுக்குப் போகிறவர்கள் மட்டுமல்ல, வீட்டில் கணக்குப் பார்க்கிற தாய்மார்களும் படித்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பகுதி அவர்களுக்காகவே எழுதப்பட்டது.

டில்ட் எதற்கு?

அவுட்போர்டு இன்ஜின் படகின் பின்பலகையில் மாட்டப்பட்டிருக்கும். அதன் கால் பகுதியும் விசிறியும் தண்ணீருக்குள் இருக்கும். நம் பாக் விரிகுடாப் பக்கம் கடல் ஆழம் குறைவு. கரையை நெருங்க நெருங்க மணல் திட்டும் கடற்புல்லும்தான். அங்கே இன்ஜினைச் சாய்த்து மேலே தூக்காவிட்டால் விசிறி மணலில் இடிக்கும், புல்லில் சிக்கும். படகை நிறுத்தி வைக்கும்போதும் கால் பகுதி உப்புத் தண்ணீரிலேயே கிடந்தால் அரிக்கும். அதனால்தான் தூக்கி வைக்கிறோம்.

10 குதிரைத்திறனுக்கு உட்பட்ட சிறிய இன்ஜின்களைக் கையாலேயே தூக்கிவிடலாம். நம் கரையில் பெரும்பாலான வள்ளங்களில் இருப்பவை அந்த வகைதான். ஆனால் சுற்றுலாப் படகு, மீட்புப் படகு போன்றவற்றில் 40, 60 குதிரைத்திறன், அதற்கும் மேற்பட்ட இன்ஜின்கள் உண்டு. 60 குதிரைத்திறன் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் ஒன்றின் எடை 100 கிலோவுக்கு மேல் வரும். இதை ஓட்டுநர் ஒருவர் தனியாகத் தூக்க முடியாது. எனவே பொத்தானை அமுக்கினால் எண்ணெய் அழுத்தத்தால் எழுகிற அமைப்பை வைத்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் படகு வேலைக்குப் போனாலும் அங்கே கையாள வேண்டியது பெரும்பாலும் இந்த வகை இன்ஜினைத்தான்.

உள்ளே என்ன இருக்கிறது?

உறுப்புகள் அதிகமில்லை. ஒவ்வொன்றாக மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் சிறு மின்மோட்டார். படகை ஓட்டுவதை 'இன்ஜின்' என்றும், இதைச் 'சிறு மோட்டார்' என்றும் இந்தப் பாடத்தில் குறிப்பிடுகிறேன். குழப்பம் வராது.

இரண்டு, அந்தச் சிறு மோட்டார் சுற்றும் எண்ணெய்ப் பம்ப்.

மூன்று, எண்ணெய்த் தொட்டி. அதன் வாயில் ஒரு திருகு மூடி.

நான்கு, சிலிண்டர். அதற்குள் பிஸ்டன், வெளியே வரும் பளபளப்பான தண்டு. தண்டு நீண்டால் இன்ஜின் எழும். உள்ளே போனால் இறங்கும்.

ஐந்து, எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் வால்வுகள். பொத்தானை விட்டதும் எண்ணெய் திரும்பி ஓடாமல் பூட்டுவது இவைதான். தூக்கிய இடத்திலேயே இன்ஜின் நிற்பது இதனால்தான்.

ஆறு, கையால் தளர்த்தும் திருகு. இதை 'மேனுவல் வால்வு' என்பார்கள். இன்ஜினைத் தாங்கும் பிராக்கெட்டின் பக்கவாட்டில் ஒரு துளை வழியாகத் தெரியும். இதைத் தளர்த்தினால் எண்ணெய் தடையில்லாமல் இரு பக்கமும் ஓடும். அப்போது இன்ஜினைக் கையால் தூக்கலாம், இறக்கலாம். பேட்டரி இல்லாத நேரத்துக்கான அவசர வழி இது.

ஏழு, மின்சாரப் பக்கம். ஓட்டுநர் கைப்பிடியில் ஒரு பொத்தான், பல இன்ஜின்களில் கீழ் மூடியின் பக்கத்தில் இன்னொரு பொத்தான், 'மேலே' என்பதற்கு ஒரு ரிலே, 'கீழே' என்பதற்கு ஒரு ரிலே, ஒரு ஃப்யூஸ், வயர்கள்.

வேலை நடப்பது இப்படித்தான்: பொத்தான் ரிலேயைத் தூண்டுகிறது. ரிலே சிறு மோட்டாருக்கு மின்சாரம் விடுகிறது. சிறு மோட்டார் ஒரு திசையில் சுற்றினால் எண்ணெய் பிஸ்டனுக்குக் கீழே போய் இன்ஜினைத் தூக்கும். எதிர்த் திசையில் சுற்றினால் மேல்பக்கம் போய் இறக்கும். ஆக, பழுது பெரும்பாலும் இரண்டு வீடுகளில்தான் இருக்கும். ஒன்று மின்சாரத்தின் வீடு, மற்றது எண்ணெயின் வீடு. எந்த வீட்டில் என்று முதலில் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

கை வைக்கும் முன்

என் இடக்கை நடுவிரல் இன்றும் முழுதாக மடங்காது. தொழில் பழகிய காலத்தில், தூக்கி நின்ற இன்ஜினை எண்ணெய் தாங்கும் என்று நம்பி பிராக்கெட்டுக்கு இடையில் கை விட்டேன். பக்கத்தில் நின்றவர் திருகைத் தளர்த்திவிட்டார். அவர் மீது குற்றமில்லை. முட்டுக் கொடுக்காமல் கை விட்டது என் தவறு.

எனவே கீழ்க்கண்டவற்றைக் கட்டாயமாக்கிக் கொள்ளுங்கள்.

இன்ஜினை உயர்த்தியதும் அதன் பூட்டு நெம்புகோலைப் போடுங்கள். அதோடு நிறுத்தாமல் ஒரு கட்டையை முட்டுக் கொடுங்கள், அல்லது நல்ல கயிற்றால் கட்டுங்கள். எண்ணெய் மட்டும் தாங்கி நிற்கும் இன்ஜினுக்குக் கீழே யாரும் போகக் கூடாது. சிறுவர்களை அருகில் விடவே வேண்டாம்.

சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வயர்களைக் கழற்றும்போது பேட்டரியின் நெகடிவ் முனையை முதலில் கழற்றுங்கள். பெட்ரோல் குழாயைக் கழற்றித் தொட்டியைத் தள்ளி வையுங்கள். மின்சோதனையில் தீப்பொறி வரும். பெட்ரோல் வாடை இருக்கும் இடத்தில் அது ஆபத்து.

எண்ணெய்த் தொட்டியின் மூடியை, இன்ஜின் முழுவதும் மேலே நின்று முட்டுக் கொடுத்த பிறகே திறக்க வேண்டும். மற்ற நிலையில் திறந்தால் எண்ணெய் அழுத்தத்தோடு பீய்ச்சும்.

முதல் சோதனை: காது

கருவி எதுவும் வேண்டாம். அமைதியான இடத்தில் 'மேலே' பொத்தானை அமுக்கிக் கேளுங்கள். நான்கில் ஒன்று நடக்கும்.

1. சத்தமே இல்லை.
2. 'டிக்' என்று மட்டும் கேட்கிறது.
3. சிறு மோட்டார் சுற்றும் சத்தம் கேட்கிறது, ஆனால் இன்ஜின் எழவில்லை, அல்லது மெதுவாக எழுகிறது.
4. நன்றாக எழுகிறது, பிறகு தானே இறங்கிவிடுகிறது.

முதல் இரண்டும் பெரும்பாலும் மின்சாரத்தின் வீடு. பின் இரண்டும் பெரும்பாலும் எண்ணெயின் வீடு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சத்தமே இல்லை என்றால்

பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். அதை நேர்மின் வோல்ட் அளவில் வைத்துப் பேட்டரியின் இரு முனைகளிலும் தொடுங்கள். முழு சார்ஜ் உள்ள 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் சுமார் 12.6 காட்டும். 12.2 என்றால் பாதி தீர்ந்துவிட்டது. 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் போட்டுவிட்டுத்தான் மறுவேலை.

எண் சரியாக இருந்தாலும் முனைகளைப் பாருங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் கழற்றித் தேய்த்துச் சுத்தம் செய்து இறுக்குங்கள். கையால் அசைத்தால் அசையும் முனை, பார்வைக்குச் சுத்தமாக இருந்தாலும் மின்சாரம் விடாது.

அடுத்தது ஃப்யூஸ். எரிந்திருந்தால் அதே அளவுள்ளதையே போடுங்கள். கம்பியைச் சுற்றியோ தாளை மடித்தோ போடாதீர்கள். ஃப்யூஸ் எரிந்ததற்குக் காரணம் ஒன்று இருக்கும். கம்பி போட்டால் அடுத்து எரிவது வயர்.

இரண்டு பொத்தான்கள் உள்ள இன்ஜினாக இருந்தால் ஓர் எளிய வழி உண்டு. கைப்பிடிப் பொத்தானில் வேலை செய்யாமல், இன்ஜின் மூடியில் உள்ள பொத்தானில் வேலை செய்தால், சிறு மோட்டாரும் பம்பும் நன்றாக இருக்கின்றன. பழுது கைப்பிடிப் பொத்தானிலோ அங்கிருந்து வரும் வயரிலோதான். பொத்தானுக்குள் உப்பு ஏறுவது நம் கடற்கரையில் சாதாரணம்.

'டிக்' மட்டும் கேட்டால்

பொத்தான் சொன்னதை ரிலே கேட்டுவிட்டது. அதற்கு அப்பால் மின்சாரம் போகவில்லை, அல்லது போயும் சிறு மோட்டார் சுற்றவில்லை.

பொத்தானை ஒருவர் அமுக்க, மற்றவர் பேட்டரி முனையில் மீட்டரைப் பாருங்கள். 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம்.

பேட்டரி நன்றாக இருந்தால் ரிலே. 'கீழே' வேலை செய்து 'மேலே' மட்டும் செய்யவில்லையா? பல இன்ஜின்களில் இரண்டு ரிலேயும் ஒரே மாதிரியானவை, தனித்தனியாகக் கழற்றக் கூடியவை. பேட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். இப்போது 'மேலே' வேலை செய்து 'கீழே' நின்றுபோனால் ரிலேதான் கெட்டது. அதை மட்டும் வாங்கினால் போதும்.

ரிலேயும் சரி என்றால், சிறு மோட்டாருக்குப் போகும் இரண்டு தடித்த வயர்களைப் பாருங்கள். பல கம்பெனி இன்ஜின்களில் 'மேலே'க்கு நீலம், 'கீழே'க்குப் பச்சை. உங்கள் கையேட்டிலும் ஒருமுறை சரிபாருங்கள். அந்த வயர்களின் இணைப்பில் மீட்டரை வைத்துப் பொத்தானை அமுக்கச் சொல்லுங்கள். அங்கே 12 வோல்ட் அளவு வரவில்லை என்றால் பழுது வழியில்தான். வந்தும் சுற்றவில்லை என்றால் சிறு மோட்டார் கெட்டிருக்கிறது. உள்ளே தண்ணீர் புகுந்து துருப்பிடித்திருக்கலாம், அல்லது கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பல மாடல்களில் சிறு மோட்டாரை மட்டும் தனியாகக் கழற்றி மாற்றலாம். பம்பும் சிலிண்டரும் சேர்ந்த முழு செட்டை வாங்க வேண்டிய அவசியமில்லை.

சுற்றுகிறது, ஆனால் எழவில்லை என்றால்

இப்போது எண்ணெயின் வீட்டுக்குள் வந்துவிட்டோம். மறுபடியும் காது கொடுங்கள். சத்தம் இலேசாக, வேகமாக, சுமையே இல்லாதது போலக் கேட்கிறதா? அல்லது கஷ்டப்பட்டு முனகுகிறதா?

இலேசான சத்தம் என்றால், எண்ணெய் அழுத்தம் சேரவில்லை. வரிசையாக மூன்றைப் பாருங்கள்.

முதலில் மேனுவல் வால்வு. முன்பு சொன்ன தம்பியின் கதை இதுதான். கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பி இறுக்குங்கள். அளவோடு இறுக்கினால் போதும். மூர்க்கமாக இறுக்கினால் அதன் இருக்கை கெடும். தளர்த்தும்போதும் முழுவதும் வெளியே உருவாதீர்கள்.

இரண்டாவது எண்ணெய் அளவு. திருகைத் தளர்த்தி மூன்று நான்கு பேராக இன்ஜினைக் கையால் முழுவதும் உயர்த்துங்கள். பூட்டுங்கள். முட்டுக் கொடுங்கள். திருகை இறுக்குங்கள். பிறகு தொட்டி மூடியை மெதுவாகத் திறந்து பாருங்கள். எண்ணெய் துளையின் விளிம்பு வரை நிற்க வேண்டும். குறைந்திருந்தால் கையேட்டில் சொன்ன எண்ணெயை ஊற்றுங்கள். பல கம்பெனிகள் சொல்வது தானியங்கி கியர் வண்டிகளுக்கான ஏ.டி.எஃப். என்னும் எண்ணெய். பிரேக் ஆயிலை ஒருபோதும் ஊற்றாதீர்கள். உள்ளே உள்ள ரப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டுவிடும்.

எண்ணெயின் நிறமும் பேசும். ஏ.டி.எஃப். பொதுவாகச் சிவப்பு. தெளிவாக இருந்தால் நல்லது. பால் கலந்தது போல வெளிறி இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. கறுத்து நாறினால் பழையது, மாற்ற வேண்டும். விரலில் தேய்க்கும்போது மினுங்கும் உலோகத் தூள் தட்டுப்பட்டால் பம்ப் தேய்கிறது.

எண்ணெய் ஊற்றியதும் உள்ளே காற்று இருக்கும். மூடியை இறுக்கி, முட்டை எடுத்துவிட்டு, இன்ஜினை நான்கைந்து முறை முழுவதும் ஏற்றி இறக்குங்கள். ஐந்து நிமிடம் விட்டுவிட்டு, மறுபடி உயர்த்தி முட்டுக் கொடுத்து அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் சேருங்கள். இரண்டு மூன்று சுற்றில் காற்று வெளியேறிவிடும்.

மூன்றாவது, சிறு மோட்டாருக்கும் பம்புக்கும் இடையில் உள்ள இணைப்புத் துண்டு. அது உடைந்தால் மோட்டார் தனியாகச் சுற்றும், பம்ப் சும்மா இருக்கும். திருகும் எண்ணெயும் சரியாக இருந்தும் இலேசான சத்தமே தொடர்ந்தால் இதைச் சந்தேகிக்க வேண்டும்.

முனகும் சத்தம் என்றால் வேறு கதை. ஏதோ ஒன்று இறுகிப் பிடித்திருக்கிறது. மேனுவல் வால்வைத் தளர்த்திக் கையால் தூக்கிப் பாருங்கள். நான்கு பேர் தூக்கியும் அசையவில்லை என்றால், பழுது எண்ணெயில் இல்லை. இன்ஜின் சாயும் குறுக்குக் குழாய் கிரீஸ் இல்லாமல் துருப்பிடித்துப் பிடித்துக்கொண்டது. இதற்குப் புதுப் பம்ப் வாங்கிப் போட்டாலும் அதுவும் முனகத்தான் செய்யும்.

எழுந்த பிறகு தானே இறங்கினால்

இரவு தூக்கி வைத்த இன்ஜின் காலையில் தண்ணீருக்குள் கிடக்கிறது. இது பலருக்குத் தெரிந்த பழுது. எண்ணெய் எங்கோ கசிகிறது. வெளியிலா, உள்ளேயா என்பதே கேள்வி.

தண்டையும் சிலிண்டரையும் துணியால் சுத்தமாகத் துடையுங்கள். கீழே ஒரு வெள்ளைத் தாளை விரியுங்கள். இன்ஜினை உயர்த்தி, பூட்டுப் போடாமல், தரையிலிருந்து விசிறி வரை உள்ள உயரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இந்தச் சோதனையின்போது மட்டும் பூட்டும் முட்டும் இருக்காது. அதனால் யாரும் அருகில் செல்லாதபடி கயிறு கட்டிவிடுங்கள். சில மணி நேரம் கழித்து வந்து பாருங்கள்.

தாளில் எண்ணெய்த் துளி இருந்தால் வெளிக்கசிவு. தண்டு வெளியே வரும் இடத்தில் உள்ள சீல்தான் பெரும்பாலும் காரணம். தண்டை விரலால் தடவுங்கள். உப்பு அரித்த குழிகளோ கீறலோ இருந்தால், சீலை மட்டும் மாற்றிப் பயனில்லை. அந்தக் கீறல் புதுச் சீலையும் அறுத்துவிடும்.

தாள் சுத்தமாக இருந்தும் இன்ஜின் இறங்கியிருந்தால் உட்கசிவு. மேனுவல் வால்வைச் சரியாக இறுக்கி மறுபடி பாருங்கள். அப்போதும் இறங்கினால், வால்வின் ரப்பர் வளையம் கெட்டிருக்கலாம், தடுப்பு வால்வில் அழுக்குச் சிக்கியிருக்கலாம், அல்லது பிஸ்டன் சீல் தேய்ந்திருக்கலாம். பழைய எண்ணெயை மாற்றிப் பலமுறை ஏற்றி இறக்கினால் சிலசமயம் அழுக்கு கழுவிப் போய்விடும். போகாவிட்டால் பட்டறைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

இதோடு தொடர்புடைய இன்னோர் அறிகுறி உண்டு. ரிவர்ஸ் போடும்போது இன்ஜின் தானே மேலே எழும்புகிறதா? அப்படியானால் எண்ணெய் அதைக் கீழே பிடித்து வைக்கவில்லை. முதலில் மேனுவல் வால்வைப் பாருங்கள். இதை அலட்சியம் செய்யக் கூடாது. ஜெட்டியை நெருங்கும்போது படகை நிறுத்துவது ரிவர்ஸ்தான். அந்த நேரத்தில் விசிறி தண்ணீரை விட்டு எழுந்தால் படகு நிற்காது.

கடலில் வைத்து நின்றுபோனால்

கரையை நெருங்கும்போது இன்ஜின் எழ மறுத்தால் பதறாதீர்கள். முதலில் இன்ஜினை அணையுங்கள். நங்கூரம் போட்டுப் படகை நிறுத்துங்கள். மேனுவல் வால்வைத் தளர்த்துங்கள். படகில் இருப்பவர்கள் சேர்ந்து, பிராக்கெட்டுக்கு இடையில் விரல் போகாதபடி, மேல் மூடிப் பக்கமாகப் பிடித்துச் சாய்த்துத் தூக்குங்கள். பூட்டைப் போடுங்கள். உடனே திருகை இறுக்குங்கள். பிறகு துடுப்பாலோ கழியாலோ தள்ளிக் கரை சேருங்கள்.

அந்தத் திருகுக்குப் பொருந்தும் திருப்புளி ஒன்றை ஒரு நூலில் கட்டிப் படகிலேயே வைத்திருங்கள். கரையில் உள்ள பெட்டிக்குள் இருக்கும் திருப்புளி கடலில் உதவாது.

பாதி தூக்கிய நிலையில் மெதுவாக ஓட்டி வர நேர்ந்தால், இன்ஜினின் பக்கத்தில் பீய்ச்சும் குளிர்நீர் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டே வாருங்கள். அது நின்றால் தண்ணீர் உறிஞ்சும் துளை வெளியே வந்துவிட்டது. உடனே அணைக்காவிட்டால் டில்ட் பழுதோடு இன்ஜினும் போய்விடும்.

நாம் கை வைக்கக் கூடாதவை

சிலிண்டரின் மூடியைக் கழற்றுவது, பிஸ்டனை எடுப்பது, வால்வுத் தொகுதியைப் பிரிப்பது ஆகியவை தகுந்த கருவியும் சுத்தமான மேசையும் உள்ள பட்டறையின் வேலை. ஒரு மணல் துகள் உள்ளே போனாலும் பழுது இரட்டிப்பாகும்.

மின்மோட்டார் இல்லாமல், கையால் தூக்குவதற்குத் துணையாக வாயு நிரப்பிய சிலிண்டர் உள்ள இன்ஜின்களும் உண்டு. அதற்குள் நைட்ரஜன் வாயு மிகுந்த அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கும். அதை எந்தக் காரணம் கொண்டும் திறக்காதீர்கள், சூடாக்காதீர்கள், அடிக்காதீர்கள். உயிருக்கே ஆபத்து.

பழுது வராமல் காக்க

நாள்தோறும் வேலை முடிந்ததும், தூக்கிய நிலையில் தண்டை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். மறுநாள் இறக்கும் முன் ஒருமுறை துடையுங்கள். தண்டில் காய்ந்த உப்பும் ஒட்டிய சிப்பியும் உள்ளே போகும்போதுதான் சீல் அறுகிறது.

மாதம் ஒருமுறை எண்ணெய் அளவையும் நிறத்தையும் பாருங்கள். சாயும் குழாயில் உள்ள நிப்பிள்களில், பழைய கிரீஸ் வெளியே வரும்வரை கடலுக்கு ஏற்ற புதுக் கிரீஸ் அடியுங்கள். பேட்டரி முனைகளில் வாஸ்லின் தடவுங்கள். பிராக்கெட்டின் கீழே மாட்டியிருக்கும் அரிப்புத் தடுப்புத் தகடு பாதி கரைந்ததும் மாற்றுங்கள். அந்தத் தகட்டுக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள். அடித்தால் அது வேலை செய்யாது.

வீட்டில் இருப்போர் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

"முழு செட்டையும் மாற்ற வேண்டும்" என்று வீட்டுக்குச் செய்தி வந்தால், பணம் எடுத்துக் கொடுக்கும் முன் இவற்றைக் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. நேர்மையான மெக்கானிக் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்.

1. பொத்தானை அமுக்கினால் என்ன சத்தம் கேட்கிறது?
2. பேட்டரி எத்தனை வோல்ட் காட்டியது?
3. மேனுவல் வால்வு இறுக்கமாக இருக்கிறதா?
4. எண்ணெய் எவ்வளவு இருந்தது, என்ன நிறம்?
5. கெட்டது எந்தப் பாகம்? அதை மட்டும் தனியாக மாற்ற முடியுமா?

ஐந்துக்கும் பதில் இருந்தால், தேடிப் பார்த்துத்தான் சொல்கிறார்கள் என்று பொருள். அப்போது செலவு செய்வது நியாயம். பதில் இல்லையென்றால், இன்னும் யாரும் தேடவில்லை. மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தேதி, பழுது, மாற்றிய பாகம், செலவு ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த பழுதின்போது அந்த நோட்டு பெரிய உதவியாக இருக்கும்.

அந்தத் தம்பி இப்போது ஒரு மல்டிமீட்டர் வாங்கி வைத்திருக்கிறார். திருப்புளி படகிலேயே நூலில் தொங்குகிறது. உம்மாவின் வளையல் உம்மாவின் கையிலேயே இருக்கிறது. இந்தப் பக்கத்தை வெட்டிப் படகுப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். நம் தெருவில் இந்தத் தொழில் பழகும் பிள்ளைகள் இருந்தால், அவர்களுக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.